நுவரெலியா போகிறீர்களா? வன்னியிலிருந்து கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

காலபோக வெட்டு முடிந்து, நெல்லை விற்று, கடன் கொடுத்ததுபோக ஏதோ கொஞ்சம் கையில் நிற்கிற நாட்களில் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இந்தப் பேச்சு வரும்: பிள்ளைகளை ஒருமுறை நுவரெலியா கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். நான் ஐந்து முறை போய் வந்திருக்கிறேன். அம்மா பிறந்ததே அங்கேதான், கந்தப்பளைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். 1977 கலவரத்துக்குப் பிறகு பதினைந்து வயதில் குடும்பத்தோடு கிளிநொச்சிக்கு வந்தவர். அதனால் போகப்போகிற எல்லோரும் எங்கள் வீட்டில்தான் விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்த மாதம் நல்லது?

மாசி நடுவிலிருந்து பங்குனி முடியும் வரை, எங்கள் பேச்சு வழக்கில் மாசி என்றால் பெப்ரவரி, பங்குனி என்றால் மார்ச். அங்கே மழை குறைவு, காலையில் மலை தெளிவாகத் தெரியும், எங்களுக்கும் வயலில் வேலை இல்லை. மார்கழி, தையில் குளிர் கடுமை. சில விடியற்காலைகளில் புல்லின் மேல் பனி உறைந்து உப்புத் தூவியதுபோல் கிடக்கும், அதைப் பார்க்கவென்றே போகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் கைக்குழந்தையோடு அந்தக் குளிருக்குப் போக வேண்டாம். வைகாசி பிறந்தால் தென்மேற்குப் பருவமழை. சிறுபோகம் வெட்டிவிட்டுப் போகிறவர்கள் குடையும் பொறுமையும் கொண்டு போங்கள்.

ஏப்ரல் மாதம் முழுவதும் அங்கே 'சீசன்'. குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, மலையேற்றக் கார்ப் போட்டி என்று ஊர் திருவிழாவாக இருக்கும், கொழும்பே ஏறி வந்துவிடும். பார்க்க அழகுதான். ஆனால் அறை வாடகை பல மடங்கு, ஏரிக்கரை வீதியில் வாகனம் நகராது. ஒரு சித்திரையில் நாங்கள் போனிலேயே அறை பேசிவிட்டுப் போனோம், இரவு எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் அதை வேறு ஆட்களுக்குக் கொடுத்திருந்தார்கள். நான்கு பிள்ளைகளோடு வானுக்குள்ளேயே, இருந்த போர்வை எல்லாவற்றையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு விடிய விடிய இருந்தோம். சித்திரையில்தான் போக முடியும் என்றால் முற்பணம் கட்டிப் பற்றுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

எந்தப் பாதையால் போவது, எவ்வளவு நேரம்?

கிளிநொச்சியிலிருந்து ஏறக்குறைய 330 கிலோமீற்றர். கண்டி வரை ஏ9 வீதியேதான். முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, மாங்குளம், வவுனியா, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி. பிறகு பேராதனையில் ஏ5 வீதியைப் பிடித்து கம்பளை, புசல்லாவை, ரம்பொடை. முல்லைத்தீவுக்காரர் மாங்குளத்தில் வந்து சேரலாம், மன்னார்க்காரர் மதவாச்சியில். கண்டியிலிருந்து மேலே ஏறுவது 77 கிலோமீற்றர்தான், ஆனால் அதற்கு இரண்டரை, மூன்று மணித்தியாலம் ஒதுக்க வேண்டும். அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினால் பிற்பகல் இரண்டு மணிக்குள் போய்ச் சேரலாம். இரவில் மலை ஏறுகிற மாதிரித் திட்டம் போடாதீர்கள்.

மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயிலில் கட்டாயம் நிறுத்துங்கள். கும்பிடுவதற்கு மட்டும் சொல்லவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டத்துக்கென்று தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, எங்கள் வன்னிக் காட்டுக்குள்ளால் மாத்தளை வரை நடந்தே போனார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். புதைக்கக்கூட ஆளில்லாமல் விட்டுப் போன உடல்கள் இருந்திருக்கின்றன. மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 வருடம் ஆனதை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் அந்த வழியை மறுபடி நடந்தார்கள். ஏசி வானில் நாங்கள் சில மணித்தியாலங்களில் கடக்கிற தூரம் அது. பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் வைத்து இதைச் சொன்னால் மேலே போனபின் தேயிலை மலையைப் பார்க்கிற பார்வை வேறாக இருக்கும்.

பஸ்ஸில், ரயிலில் போகலாமா?

பஸ்ஸில் போகலாம்: வவுனியாவிலிருந்து கண்டி, கண்டியில் மாறி நுவரெலியா. பொதிகள் குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ரயிலில் முழுத் தூரமும் போக ஆசைப்படுகிறவர்கள் வடக்குப் பாதையில் பொல்கஹவெல வரை வந்து அங்கே பதுளைப் பாதைக்கு மாறி நானுஓயாவில் இறங்க வேண்டும். நானுஓயாவிலிருந்து நகரம் எட்டு, ஒன்பது கிலோமீற்றர். குடும்பத்தோடு, பொதிகளோடு, இடையில் காத்திருந்து மாறுவது பெரிய சிரமம். என் யோசனை, வானில் போய்ச் சேர்ந்த பிறகு நானுஓயாவில் ஏறிப் பட்டிப்பொல, ஓஹிய பக்கமாக ஒரு துண்டுப் பயணம் போய் வருவது. பட்டிப்பொலதான் நாட்டிலேயே உயரத்தில் இருக்கிற ரயில் நிலையம், 1,891 மீற்றர். ஒன்று மட்டும்: 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டது உங்களுக்குத் தெரியும், வீதியும் தண்டவாளமும் பல இடங்களில் மண்ணோடு போயின. அதனால் கிளம்புவதற்கு முதல் நாள் எந்த வீதி திறந்திருக்கிறது, எந்த ரயில் எதுவரை ஓடுகிறது என்று விசாரித்துவிட்டே போங்கள். மழை நாட்களில் இதைத் தட்டிக் கழிக்காதீர்கள்.

எங்கள் ஊர் ட்ரைவரே ஓட்டிப் போகலாமா?

மலை ஓடிப் பழக்கம் இருந்தால் மட்டும். எங்கள் பக்கத்து ட்ரைவர்மார் கெட்டிக்காரர்கள், மாரியில் சேற்று வீதியிலும் கிரவல் வீதியிலும் அவர்களை அடிக்க ஆளில்லை, ஆனால் மாங்குளத்திலிருந்து ஓமந்தை வரை நேர்கோடாகக் கிடக்கிற வீதியில் ஓடிய கை ரம்பொடை வளைவில் தடுமாறும். ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடாகிப் பிடிக்காமல் போகும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். 2025 மே மாதம் அதே வீதியில், கொத்மலை கெரண்டி எல்ல பகுதியில், விடியற்காலையில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். வாடகை பேசும்போதே ட்ரைவருக்கும் ஓர் அறை, ஓர் இரவு முழுத் தூக்கம் என்று சேர்த்துப் பேசுங்கள். அவரை வானுக்குள் படுக்கவிட்டு அடுத்த நாள் மலை இறங்கச் சொல்வது எந்த வகையிலும் சரியில்லை.

பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். கம்பளை தாண்டியதும் தொடங்கும். காலையில் கனமாகக் கொடுக்காதீர்கள், தேசிக்காயும் இஞ்சியும் கையில் இருக்கட்டும், முன் சீற்றுக்கு மாற்றி இருத்துங்கள்.

குளிர் உண்மையிலேயே அவ்வளவா?

நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பகலில் வெயில் இருந்தால் இதமாக இருக்கும், எங்கள் மார்கழி அதிகாலை மாதிரி. இருட்டினால் கதை மாறும். தை, மாசி இரவுகளில் வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்குவது சாதாரணம். பங்குனி வெயிலில் 34, 35 பாகையில் வெந்துகொண்டிருந்த உடம்பு ஒரே நாளில் அங்கே போய் நிற்கிறது, அதுதான் பிரச்சினை. ஆளுக்கு ஒரு சுவெட்டர், காதை மூடுகிற தொப்பி, இரண்டு சோடி காலுறை. செருப்போடு போகாதீர்கள். வயதானவர்களுக்குக் காலுறையோடு தூங்கப் பழக்கம் இல்லை, அன்றைக்கு மட்டுமாவது சொல்லிப் போட வையுங்கள். இளைப்பு உள்ளவர்கள் தங்கள் மருந்தைக் கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும், வானின் பின்னால் பெட்டிக்குள் இல்லை.

சுவெட்டரை இங்கே வாங்குவதா, அங்கே வாங்குவதா?

ஆளுக்கு ஒன்று இங்கிருந்து, இரவல் வாங்கியாவது கொண்டு போங்கள். போய் இறங்கியதும் தேவைப்படும். மற்றதெல்லாம் அங்கே பேல் பசாரில். நகரத்துக்குள்ளேயே இருக்கிறது, வரிசை வரிசையாகச் சின்னக் கடைகள், குளிருடுப்பு மலைபோல் தொங்கும். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியதும் சின்னப் பழுதில் கழித்ததுமான ஜாக்கெட்டுகள் அங்கே வரும். சிப்பை இரண்டு தடவை இழுத்துப் பாருங்கள், தையலை உள்பக்கம் பிரட்டிப் பாருங்கள், பிறகு விலை கேளுங்கள். முதலில் சொல்கிற விலை கடைசி விலை இல்லை. முதல் கடையிலேயே வாங்காமல் ஒரு சுற்று நடந்து வந்து வாங்குங்கள். அங்கே நிற்கிற பையன்கள் நிறையப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள், தமிழில் கேட்டால் தமிழில் பதில் வரும், கொஞ்சம் குறைத்தும் தருவார்கள்.

வேறு என்ன வாங்கலாம்?

மரக்கறி. எங்கள் சந்தைக்குத் தம்புள்ளை வழியாகச் சுற்றி வாடி வருகிற கரட்டும் லீக்ஸும் கோவாவும் பீற்றூட்டும் அங்கே மண் ஈரத்தோடு கிடக்கும். நகரத்துச் சந்தையிலும் வாங்கலாம், வீதியோரத்திலும் வாங்கலாம். வயல் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது, வாங்குவதற்கு முன் ஒரு மரக்கறித் தோட்டத்தையாவது நின்று பாருங்கள்: செங்குத்தான சரிவைப் படிப்படியாக வெட்டி, ஒரு பாய் அகலத் துண்டில்கூட லீக்ஸ் நட்டிருப்பார்கள். என் மாமா இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் ஐந்து ஏக்கர் வயல் செய்கிறவர், அந்தச் சரிவில் ஒரு கிழவர் குடத்தால் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றதைப் பார்த்து வானை நிறுத்தச் சொல்லி அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வருகிற நாள் காலையில் வாங்குங்கள். பொலித்தீன் பையில் கட்டினால் தம்புள்ளை வெக்கையில் அவிந்துவிடும், பேப்பரில் சுற்றிக் காற்றுப் போகிற பெட்டியில் வையுங்கள். ஸ்ட்ரோபெரியை அங்கேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள், அது மதவாச்சி வரை தாங்காது.

தேயிலை எது வாங்குவது? வீட்டில் குடித்தால் சாயம் இல்லை என்கிறார்களே?

இதைக் கேட்காதவர்களே இல்லை. நாங்கள் குடித்துப் பழகியது டஸ்ட், கறுகறுவென்று சாயம் இறங்கும், பால்மா போட்டாலும் நிறம் நிற்கும். நுவரெலியாத் தேயிலை அப்படிப்பட்டது இல்லை. உயரத்தில், குளிரில் மெல்ல வளர்கிற கொழுந்து அது. சாயம் இளம்பொன்னிறம், வாசம்தான் அதன் பெருமை. அதில் பால் ஊற்றினால் இரண்டும் கெடும். பி.ஓ.பி அல்லது பி.ஓ.பி.எப் என்று தரம் போட்ட பைக்கற்றாக வாங்கி, நன்றாகக் கொதித்த தண்ணீரில் மூன்று நிமிடம் ஊறவிட்டு, பால் இல்லாமல், பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்துப் பாருங்கள். எங்கள் பனங்கட்டிக்கும் அந்தத் தேத்தண்ணிக்கும் அப்படி ஒரு பொருத்தம். பாலோடுதான் வேண்டும் என்றால் அங்கே போய்க் காசைக் கொட்ட வேண்டாம், இங்கே கடையில் விற்கிற டஸ்ட்டே போதும்.

தொழிற்சாலையை உள்ளே போய்ப் பார்க்கலாம். ரம்பொடையிலிருந்து ஏறும்போது லபுக்கலையில் ஒன்று, நகரத்துக்குப் பக்கத்தில் பெட்ரோ தோட்டத்தில் ஒன்று. கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்க விட்டு, காய வைத்து, சலித்துத் தரம் பிரிப்பதைக் காட்டுவார்கள். ஒரு கிலோ தேயிலைக்கு நாலு, நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஒரு கொழுந்தை எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள், எடையே இருக்காது. அப்படி எத்தனை ஆயிரம் தரம் ஒரு விரல் ஒடிக்க வேண்டும் என்று அங்கே நின்று எண்ணிப் பார்த்தேன்.

சாப்பாடு எப்படி?

கஷ்டம் இல்லை. நியூ பசார் வீதிப் பக்கம் சைவக் கடைகள் இருக்கின்றன, தோசையும் வடையும் சோறும் கிடைக்கும். அம்பாள்ஸ் எங்கள் ஆட்கள் வழக்கமாகப் போகிற இடம். கிராண்ட் ஹோட்டல் வாசலோடு ஓர் இந்தியச் சாப்பாட்டுக் கடையும் இருக்கிறது, சீசனில் வரிசையில் நிற்க வேண்டும். முஸ்லிம் கடைகளில் கொத்தும் புரியாணியும். இரவு எட்டு, எட்டரைக்கு மேல் ஊர் அடங்கிவிடும், அதற்குள் சாப்பிட்டு விடுங்கள். எதைச் சாப்பிட்டாலும் சுடச்சுடச் சாப்பிட வேண்டும், தட்டில் வைத்துக் கதைத்துக்கொண்டிருந்தால் சோறு பச்சைத்தண்ணீர் மாதிரி ஆகிவிடும்.

என்னைக் கேட்டால் அங்கே சாப்பிட வேண்டியது தோட்டத்து ரொட்டி. கோதுமை மாவும் தேங்காய்ப்பூவும் போட்டுத் தடிப்பாகச் சுட்டு, மிளகாய் இடித்த சம்பலோடு, ஒரு கோப்பைப் பிளேன்டீ. காலையில் அதைச் சாப்பிட்டுவிட்டு மலைக்குப் போகிற ஆட்கள் மத்தியானம் வரை தாங்குவார்கள். ஊருக்கு வெளியே வீதியோரத் தேத்தண்ணிக் கடைகளில் கிடைக்கும்.

பெரிய குடும்பமாகப் போகிறவர்கள் சமையலறை தருகிற வீடாகப் பார்த்து எடுங்கள். அரிசியும் தூளும் இங்கிருந்து, மரக்கறி அங்கிருந்து. முதல் நாள் வழிக்குப் பொதிசோறு கட்டிப் போனால் தம்புள்ளையில் மரநிழலில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

தங்குவதற்கு எந்தப் பக்கம்?

ஏரிக்குப் பக்கம் விலை கூட. கொஞ்சம் தள்ளிப் போனால் குறையும். பார்க்கும்போது மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள்: சுடுதண்ணீர் எல்லாக் குளியலறையிலும் வருமா, ஆளுக்கு ஒரு தடித்த போர்வை உண்டா, வான் உள்ளே நிறுத்தலாமா. மற்ற வசதியெல்லாம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது?

கிரகரி வாவி. 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் கட்டியது. குளக்கட்டில் ஓடி விளையாடி வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்குத் தண்ணீர் புதுமை இல்லை, ஆனால் குளிர்ந்த காற்றும் மிதிபடகும் குதிரையும் புதுமைதான். படகில் ஏறினால் பாதுகாப்பு அங்கியைக் கேட்டு வாங்கிப் போட வேண்டும். "எங்கட பிள்ளைக்கு நீச்சல் தெரியும்" என்று சொல்லாதீர்கள், அந்தத் தண்ணீரின் குளிரில் உடம்பு விறைத்துவிடும். குதிரைச் சவாரிக்கு ஏறும் முன்பே எவ்வளவு தூரம், எவ்வளவு காசு என்று பேசிவிடுங்கள். நகர நடுவில் விக்டோரியாப் பூங்கா, அங்கே ஒரு மணித்தியாலம் ஓடவிட்டால் இரவு நன்றாகத் தூங்குவார்கள். அம்பேவல பால் பண்ணையும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். எங்கள் ஊர் மாட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பசுக்களின் மடி ஆச்சரியமாக இருக்கும்.

ஹோர்ட்டன் சமவெளிக்கு எல்லோரும் போகலாமா?

நடக்கக்கூடியவர்கள் எல்லோரும் போக வேண்டும். உலக முடிவு என்று சொல்கிற மலை விளிம்புக்குப் போய், பேக்கர் நீர்வீழ்ச்சியையும் பார்த்துத் திரும்புகிற வட்டப்பாதை ஒன்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட, மூன்று மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். கல்லும் வேரும் சேறுமான பாதை. முழங்கால் நோ உள்ளவர்களையும் மிகச் சின்னப் பிள்ளைகளையும் அதில் இழுக்காதீர்கள்.

நேரம்தான் எல்லாம். வாசல் காலை ஆறு மணிக்குத் திறக்கும். நகரத்திலிருந்து அம்பேவல, பட்டிப்பொல வழியாக முப்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல், ஒன்றரை மணித்தியாலம். ஆகவே நாலரைக்குக் கிளம்ப வேண்டும். ஒன்பது, ஒன்பதரைக்குப் பிறகு உலக முடிவில் முகில் வந்து மூடிவிடும், 800 மீற்றருக்கு மேல் நேர்க்குத்தாக இறங்குகிற பள்ளம் வெறும் வெள்ளைத் துணியாகத் தெரியும். முதல் தடவை நாங்கள் பத்தரைக்குப் போய் அந்த வெள்ளையைத்தான் பார்த்தோம். இரண்டாம் தடவை ஏழே முக்காலுக்கு நின்றோம். கீழே தோட்டங்கள், கிராமங்கள், தூரத்தில் தெற்குப் பக்கத்துச் சமவெளி எல்லாம் தெரிந்தது. விளிம்பில் நின்று படம் எடுக்க வேண்டாம், ஈரக்கல் வழுக்கும்.

வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள், பொலித்தீன் உள்ளே விடமாட்டார்கள். பிஸ்கட்டைக்கூட உறையிலிருந்து எடுத்துப் பேப்பரில் சுற்றித்தான் கொண்டுபோக வேண்டும். இது நல்ல வழக்கம், முகம் சுளிக்காதீர்கள். மகாவலி, களனி, வளவை மூன்று ஆறுகளுக்கும் அந்தப் பக்கத்து மலையிலிருந்துதான் தண்ணீர் ஊறுகிறது. மரைகள் வாகனத்துக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும், சாப்பாடு கொடுக்காதீர்கள்.

அம்மம்மாவுக்கு நடக்க ஏலாது, அவரை எங்கே கூட்டிப் போவது?

சீதா எலிய அம்மன் கோயில், நகரத்திலிருந்து ஐந்து கிலோமீற்றர் அளவில், வெலிமடை வீதியில். இராவணன் சீதையைச் சிறை வைத்த அசோகவனம் இந்தப் பக்கம் என்று நம்பிக்கை. பக்கத்து ஓடையில் பாறையில் இருக்கிற குழியை அனுமாரின் பாதம் என்று கும்பிடுகிறார்கள். வீதியிலிருந்து கொஞ்சப் படிதான், கையைப் பிடித்து மெல்ல இறக்கலாம். 2024இல் கும்பாபிஷேகம் நடந்து புதுப்பொலிவாக இருக்கிறது. அதே வீதியில் இன்னும் கொஞ்சம் போனால் ஹக்கல பூங்கா. காய்ச்சலுக்குக் கொயினா மருந்து எடுக்கிற சிங்கோனா மரம் வளர்க்கவென்று 1861இல் தொடங்கிய இடம் அது, இப்போது ரோசாவும் பன்னத்தாவரமும். வாங்குகளில் இருத்தி வைத்தால் வயதானவர்கள் மணிக்கணக்கில் சந்தோசமாக இருப்பார்கள். வரும் வழியில் ரம்பொடையில் ஆஞ்சநேயர் கோயில், எதிரே நீர்வீழ்ச்சி.

கனடாவிலிருந்து வந்த அண்ணா குடும்பமும் வருகிறார்கள். அவர்களுக்கும் அதே ரிக்கற் விலையா?

இல்லை. ஹோர்ட்டன் சமவெளி, ஹக்கல போன்ற இடங்களில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குத் தனிக் கட்டணம், பல மடங்கு கூட. தமிழில் கதைத்தாலும், கிளிநொச்சியில் பிறந்திருந்தாலும், உள்ளூர் விலைக்கு அடையாள அட்டை கேட்பார்கள். ஆகவே நீங்கள் எல்லோரும் அடையாள அட்டை கொண்டு போங்கள், அவர்களுக்கு முதலே சொல்லி வையுங்கள். வாசலில் நின்று வாக்குவாதப்பட்டு நாளைக் கெடுக்க வேண்டாம்.

சிங்களம் தெரியாமல் சமாளிக்கலாமா?

தாராளமாக. நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தமிழர். சந்தையில், பஸ்ஸில், ஓட்டோவில், கடையில் தமிழ் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தத் தமிழ் எங்கள் தமிழ் மாதிரி இல்லை, "வாங்க, இருங்க, எங்கிருந்து வர்றீங்க" என்று இருக்கும். தயவுசெய்து பிள்ளைகள் அதைக் கேலி செய்து பேசிக் காட்ட விடாதீர்கள். இங்கே வன்னியில் பள்ளிக்கூடத்தில் அந்தக் கேலியைக் கேட்டுக் கேட்டுத்தான் அம்மா தன் பேச்சை மாற்றிக்கொண்டார்.

தேயிலைத் தோட்டத்துக்குள் போய்ப் படம் எடுக்கலாமா?

வீதியோரத்தில் நின்று எடுக்கலாம். உள்ளே போவதென்றால் அனுமதி கேட்க வேண்டும், அது வேலை நடக்கிற இடம். கொழுந்து பறிக்கிற பெண்களை எடுப்பதென்றால் முதலில் முகம் பார்த்துப் பேசுங்கள். "அக்கா, ஒரு படம் எடுக்கட்டுமா" என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டு சரி என்பார்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அவர்களின் கூடையை வாங்கித் தலையில் மாட்டிப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது தாங்கவில்லை. அன்றைய நிறை எவ்வளவு என்பதில் அவர்களின் சம்பளம் இருக்கிறது. 2021இல்தான் அவர்களின் நாட்சம்பளமே 1,000 ரூபாவுக்கு வந்தது. பத்து நிமிடம் எங்களுக்குக் காட்சி கொடுத்து நின்றால் அந்தப் பத்து நிமிடக் கொழுந்தை அவர்கள் எங்கே போய்ப் பறிப்பது? அவர்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயங்களுக்கு முன்னால் நின்று படம் எடுப்பதும் வேண்டாம். முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு எங்கள் தறப்பாள் கொட்டில்களை வந்து வந்து படம் எடுத்தார்களே, அப்போது எங்களுக்கு எப்படி இருந்தது?

எங்கள் குடும்பமும் தோட்டத்திலிருந்து வந்ததுதான். பழைய இடத்தைத் தேடிப் பார்க்கலாமா?

கட்டாயம். வன்னியில் எத்தனை ஊர்கள் 58, 77, 83 என்று ஒவ்வொரு கலவரத்துக்கும் பிறகு மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் காடு வெட்டி உண்டாக்கியவை. கிளம்புவதற்கு முன் வீட்டுப் பெரியவரிடம் தோட்டத்தின் பெயரை மட்டும் கேட்டால் போதாது. தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர், ஆட்கள் கூப்பிடுகிற தமிழ்ப் பெயர் வேறு, இரண்டையும் கேளுங்கள். தோட்டத்தின் எந்தப் பிரிவு, அதாவது எந்த டிவிசன், ஆட்கள் சொல்கிற மாதிரி மேல் கணக்கா கீழ்க் கணக்கா, பக்கத்தில் என்ன கோயில், தாத்தாவின் பெயரும் பட்டப்பெயரும். இவை இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். போய் முதலில் தோட்டத்துக் கோயிலடியில் விசாரியுங்கள், வயதானவர்கள் அங்கே இருப்பார்கள். வெறுங்கையோடு போகாதீர்கள்: பனங்கட்டி, முல்லைத்தீவுக் கருவாடு, நல்லெண்ணெய், முருங்கைக்காய். அங்கே கிடைக்காதவை, கொடுத்தால் முகம் மலரும்.

எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். வீடு இடிந்திருக்கலாம், ஆட்கள் கொழும்புக்குப் போயிருக்கலாம். நாங்கள் அம்மாவை முதல் தடவை 2013இல் கூட்டிப் போனோம், முப்பத்தாறு வருடத்துக்குப் பிறகு. அவருடைய லயத்தில் யாரையும் தெரியவில்லை. அவர் பிறந்த அறையில் வேறு குடும்பம் இருந்தது. வாசலில் நின்று தயங்கிக்கொண்டிருந்தோம். உள்ளே இருந்து ஒரு பெண் வந்து, "யாரு வூட்டுக்கு வந்தீங்க?" என்று கேட்டார். அம்மா வாயைத் திறந்தார், நான் பிறந்ததிலிருந்து அவர் பேசிக் கேட்டிராத தமிழில் பதில் வந்தது: "நான் இந்த வூட்டுலதாங்க பொறந்தேன்." அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை, அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்துத் தேத்தண்ணி ஊற்றினார். அதற்குப் பிறகு நாங்கள் போன எல்லாத் தடவையும் அந்த வீட்டுக்குத்தான் முதலில் போகிறோம், ஏரி எல்லாம் அடுத்த நாள்தான்.